காலை வெயிலில் கண்ணாடி

வெள்ளி, ஒன்பதாம் தேதி.

இன்றைய தவறு: கண்ணாடியைச் சாயங்காலத்தில் மட்டும் பார்த்தேன். காலையில் எப்படித் தெரியும் என்று பார்க்கவில்லை. அம்மாவைக் காலையில் வரச் சொல்லிவிட்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சின்னவள் பேனாவை மூடினாள். மறுபடியும் திறந்தாள். ‘தவறு’ என்பதற்கு முன்னால் ‘சின்ன’ என்று சேர்க்கலாமா என்று யோசித்தாள். சேர்க்கவில்லை. சின்னதா பெரியதா என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

டைரி எழுதுவது மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்த பழக்கம். “தினம் ஒரு தவறு, மறுநாளைக்கு ஒரு வேலை. அதுக்கு மேல எழுதாதீங்க. எழுதினா நீங்களே திருப்பிப் படிக்க மாட்டீங்க” என்பார். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. “ஒரே ஒரு தவறுதானா டீச்சர்?” என்று எழுந்து கேட்டவள் சின்னவள் ஒருத்திதான்.

இந்தக் குடும்பத்தின் கதையை வாராவாரம் படிக்கிறவர்களுக்குப் பழைய விமான நிலையத்துக் கண்ணாடிச் சுவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

அப்பா டாக்ஸி ஓட்டுகிறவர். பெரியவன், அதாவது சின்னவளின் அண்ணன், கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது அவர் வாசலில் வழிமறித்துச் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. “போறதுன்னா போ. ஆனா திரும்ப இந்தப் படி ஏறாதே.” கோபத்தில் எந்த வீட்டிலும் விழுகிற வார்த்தைதான். பெரியவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்று இறங்கியவன் இன்றுவரை அந்தப் படி ஏறவில்லை.

ஆனால் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் போக இந்த ஊரில்தான் அவன் விமானம் மாறியாக வேண்டும். பழைய கட்டடத்தில் விமானம் மாறுகிறவர்கள் உட்காரும் கூடத்துக்கும், வழியனுப்ப வருகிறவர்கள் நிற்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரே ஒரு கண்ணாடிச் சுவர்தான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அம்மா. கண்ணாடியில் கையை வைத்தால் அவனும் அதே இடத்தில் வைப்பான். கண்ணாடி துடைக்கிற அம்மாள்கூட அம்மா போன பிறகுதான் துணியோடு வருவாள்.

“கப்பல் ஏஜென்ட்டு எங்க பேப்பரெல்லாம் கையில வெச்சிருக்காரும்மா. வெளிய விடமாட்டார்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். அம்மா நம்பினாள், அல்லது நம்புவதுபோல் இருந்தாள். அப்பா கீழே டாக்ஸி ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மேலே வந்ததே இல்லை.

நேற்றோடு அந்தக் கட்டடத்துக்குப் பூட்டு. இன்று புதியது திறப்பு. பெரியவனின் விமானமும் இன்றைக்கே.

வழக்கம்போல என்றால் அம்மா இவ்வளவு பரபரத்திருக்க மாட்டாள். போன மாதம் கப்பல் ஏணியில் சறுக்கி விழுந்துவிட்டதாகவும், லேசான சுளுக்குதான் என்றும் பெரியவன் போனில் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் அம்மாவுக்கு ஒப்பவில்லை.

“போன்ல மூஞ்சி மட்டும்தான் வருது. மூஞ்சியை எப்ப வேணா சிரிக்க வெச்சுக்கலாம். அவன் நடக்கிறதை நான் பாக்கணும். நாலடி நடந்தான்னா போதும், எனக்குத் தெரிஞ்சிடும்.”

காலையில் தலை வாரும்போதும் இதையேதான் சொன்னாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த அப்பாவைப் பார்த்து, “என்னங்க, இன்னைக்காவது மேல வாங்களேன்” என்றாள்.

“எனக்கு சவாரி இருக்கு.”

“முதல் சவாரியே நான்தான். எனக்கும் மீட்டர் போடுவீங்களா?”

“போடுவேன். காத்திருக்கிற நேரத்துக்கும் சேர்த்து.”

“அப்ப இத்தனை வருஷமா காத்திருந்ததுக்கு எனக்கு யார் குடுப்பா?”

அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சின்னவள் வரைந்து வைத்திருந்த படத்தை அம்மாவிடம் மூன்றாவது முறையாக விளக்கினாள். “லிஃப்ட்ல மேல் மாடி. வெளிய வந்தா நடைபாலம். வலது பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ள ஒரு பெரிய செடித்தொட்டி தெரியும். அதுக்கு நேரா நில்லு.”

“தெரியுமாடி உள்ள?”

“நானே நின்னு பாத்தேம்மா. மீன்தொட்டி மாதிரி தெரிஞ்சுது.”

பொய்யில்லை. திறப்புக்கு முன்னால் ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. பழைய செய்தித்தாள் அடைத்த பெட்டிகளோடு ஊர்க்காரர்கள் பயணிகள்போல நடித்தார்கள். சின்னவள் அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிற வேலையில் இருக்கிறாள். நல்ல திடகாத்திரமான ஆட்களையெல்லாம் உட்காரவைத்துத் தள்ளிப் பழகினாள். பழைய கண்ணாடிச் சுவருக்குப் பதிலாக எது என்று அவள் தேடாத மூலையில்லை. மாலை வகுப்பு முடிந்து ஒவ்வொரு நாளும் போய், கடைசியில் அந்த நடைபாலத்தைக் கண்டுபிடித்தாள். உள்ளே விளக்கெல்லாம் எரிய, செடித்தொட்டி, நாற்காலி வரிசை, யாரோ ஒருவரின் செருப்புவரை பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

*

புதுக் கட்டடம் பெயின்ட் வாசனையும் பசை வாசனையுமாக இருந்தது. கைப்பிடிகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைச் சில இடங்களில் இன்னும் உரிக்கவில்லை. பாதிப் பயணிகள் பழக்க தோஷத்தில் பழைய வாசலுக்குப் போய், அங்கிருந்து மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள்.

ரிப்பன் வெட்டுவது தாமதமாயிற்று. ரிப்பனைக் கட்டியிருந்தது பாதுகாப்புச் சோதனைக்கு உள்பக்கம். வெள்ளித் தட்டில் வந்த கத்தரிக்கோலைச் சோதனை வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று அந்தக் காவலர் அசையவில்லை. கடைசியில் திறக்க வந்த பெரிய மனிதர் ரிப்பனின் முடிச்சைக் கையாலேயே அவிழ்த்துவிட்டுப் போனார்.

“சிரிச்சது போதும். ஆளுக்கொரு சேர் எடுங்க” என்று மேற்பார்வை மேடம் கை தட்டினார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் அவருக்கு விசில் மேடம் என்றே பெயர். யாரும் அதை ஊதிக் கேட்டதில்லை. முதல் நாள் என்பதால் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு. அதில் விமானமும் இருக்கை எண்ணும் மட்டும் இருக்கும்.

சின்னவளின் சீட்டில் அண்ணன் வருகிற விமானம்.

அவளுக்குச் சிறகு முளைத்ததுபோல் ஆயிற்று. யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். கெஞ்சாமலே வந்துவிட்டது. விமானத்தின் வாசலிலேயே நிற்கலாம். அண்ணனை அம்மாவுக்கு முன்னால் தான் பார்த்துவிடலாம். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுப் பார்த்தாள். கால் வைக்கும் தட்டை மடக்கிப் பார்த்தாள். நாலடி போய்விட்டு, திரும்பி வந்து மறுபடியும் பிரேக்கைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. பயணிகள் வந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருத்தர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி, தொப்பிகளோடு ஒரு கும்பல். ஒவ்வொரு முகமாகச் சின்னவள் பார்த்தாள். அண்ணன் வரவில்லை. கூட்டம் மெலிந்தது. கடைசி ஆள், அதற்குப் பிறகு இன்னொரு கடைசி ஆள். விமானத்தை விட்டுவிட்டானோ என்று அவளுக்குப் பகீரென்றது.

“சேர் உள்ள வரலாம்” என்றாள் விமானப் பணிப்பெண்.

நாற்காலி தேவைப்படுகிறவர்கள் எப்போதும் கடைசியில்தான். சின்னவள் சீட்டைப் பார்த்து, இருக்கை எண்ணைப் பார்த்து நிமிர்ந்தாள்.

இரண்டு பக்கமும் இருக்கைகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் படாமல் இழுத்துக்கொண்டு, பெரியவன் வந்துகொண்டிருந்தான்.

அவனும் அவளைப் பார்த்துவிட்டான். நின்றான். சிரிக்கப் பார்த்தான்.

“வாடி ஸ்கேலு. எங்கயாவது உன்னைப் பாப்பேன்னு தெரியும். வண்டியை நீயே கொண்டுவருவேன்னு நினைக்கல.”

சின்ன வயதில் கையில் ஸ்கேலோடு வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அளந்துகொண்டே திரிவாள் என்பதால் அவன் வைத்த பெயர் அது. அவன் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான்.

“இதான் லேசான சுளுக்கா?” என்றாள்.

“லேசான சுளுக்கு. அதோட எலும்பும் லேசா போயிடுச்சு.”

“அண்ணா!”

“கத்தாதே. பின்னாடி கூட்டிப் பெருக்குறவங்க காத்திருக்காங்க. முதல்ல உக்கார வை.”

தள்ளிக்கொண்டே கேட்டாள், அவன் முகம் தெரியாததால் கேட்க முடிந்தது. இடுப்புக்குக் கீழே தொடை எலும்பில் முறிவு. இறங்கிய துறைமுகத்தில் கம்பி வைத்தார்கள், அது சரியாகப் பொருந்தவில்லை. இப்போது கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போகிறான். திங்கட்கிழமை மறுபடியும் ஆபரேஷன்.

“நடக்க முடியுமா?”

“டாக்டர் கால் ஊனக் கூடாதுங்கிறார். நான் ரெண்டு மூணு அடி வைப்பேன். யாரும் பாக்கலைன்னா பல்லைக் கடிச்சுக்குவேன்.”

“வீட்டுக்கு வந்துடேன்ணா. இங்க ஆஸ்பத்திரியா இல்ல?”

“அந்தப் படியை நல்ல கால் இருந்தப்பவே ஏறல. இப்ப இந்தக் காலோட போய் நின்னா, பாரு, சொன்னேன்ல, கடல் உன்னை என்ன பண்ணுச்சுன்னு ஒரு பார்வை பாப்பார். வேண்டாம்டி. ஆபரேஷன் முடியட்டும். அம்மாவுக்கு ஒண்ணும் சொல்லாதே. சத்தியம் பண்ணு.”

“நான் சத்தியம் பண்ணா தப்பா பண்ணிடுவேன்.”

“அப்ப சும்மா தலையாட்டு.”

தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் நடைபாலம் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா அங்கே நிற்பாள். மீன்தொட்டி மாதிரி எல்லாம் தெரியும். நாற்காலியும் தெரியும்.

*

கூடத்துக்குள் நுழைந்ததும் அவன்தான் முதலில் பார்த்தான். “அதோ.”

செடித்தொட்டிக்கு நேராக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சிவப்புச் சால்வையில் அம்மா. முதுகுக்குப் பின்னால் காலை வெயில். சின்னவள் சட்டென்று நாற்காலியைத் திருப்பி ஒளிக்கப் பார்த்தாள்.

“இரு இரு. என்ன பண்றாங்க பாரு.”

அம்மா நேராக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கையை ஆட்டவில்லை. சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். நெற்றிமுடியை ஒதுக்கினாள். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கி, மறுபடியும் பின்னால் போனாள். பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. இப்போது வெளியே வெயில். அம்மாவுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு எதிரே அம்மாதான் நிற்கிறாள்.

“நான் காலையில வந்து பாக்கவே இல்லண்ணா” என்றாள் மெதுவாக. ஒரு மாதம் தேடிக் கண்டுபிடித்த இடம். வெட்கமாக இருந்தது. அடுத்த நொடியே அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பெரியவன் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கட்டடத்தில் அம்மா எப்போதும் சிரித்தமுகமாகத்தான் நிற்பாள். மகன் பார்க்கிறானே என்று சிரிப்பாள். அவன் பார்ப்பது தெரியாமல் நிற்கிற அம்மாவை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தோள் இறங்கியிருந்தது. படத்தைப் பிரித்து, செடித்தொட்டியைத் தேடி, மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எப்படி இளைச்சிட்டாங்க” என்றான்.

போனை எடுத்து அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா பையைத் துழாவினாள்.

“எங்கடா இருக்கே? வந்துட்டியா? உன் தங்கச்சி சொன்ன இடத்துல நிக்கிறேன், எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது!”

“உனக்கு எதிரதாம்மா இருக்கேன். சிவப்பு சால்வை. முடி நல்லாத்தான் இருக்கு, சும்மா சும்மா கோதாதே.”

அம்மா கையைச் சட்டென்று கீழே இறக்கினாள். “டேய், நீ என்னைப் பாக்குறியா? நான் உன்னைப் பாக்க முடியல, நீ மட்டும் பாப்பியா? இது என்ன நியாயம்?”

“பல்லுல ஒண்ணும் இல்லம்மா.”

“வாயை மூடு!” அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு தடவை இடம் மாற்றினாள். நாற்காலியிலிருந்து அது எட்டாத தூரம். பெரியவன் கையைத் தூக்கி, காற்றிலேயே வைத்துக்கொண்டான்.

“வெச்சிருக்கியா?”

“வெச்சிருக்கேம்மா.”

“சரி. இப்ப நட.”

“என்னது?”

“நடடா. தெரியலைன்னா என்ன? போனைக் கீழ பிடி. காலடிச் சத்தம் கேக்கும்ல.”

பெரியவன் சின்னவளைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் போனைத் தரைக்கு அருகே நீட்டினான். வேறு வழியில்லாமல், புதுச் சீருடையின் புது ஷூவில், அவள் டக் டக்கென்று நாலடி நடந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இது சின்னவ நடை” என்றாள் அம்மா. “எட்டி வெச்சு, யோசிச்சு, அடுத்த அடி. எனக்குத் தெரியாதா? அவளும் பக்கத்துல இருக்காளா?”

“இருக்காம்மா. அவதான் குறுக்க நடந்துட்டா. கழுதை.”

“அவ இல்ல, நீ நட.”

அந்த நேரம் பார்த்து விசில் மேடம் வந்து நின்றார். “பயணியை விட்டாச்சுன்னா உனக்கு இங்க என்ன வேலை?”

“பிரேக் இறுகிடுச்சு மேடம்” என்றான் பெரியவன், போனைக் கையால் பொத்தியபடி. “இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் இங்கயேதான்.”

மேடம் பிரேக்கைப் பார்த்தார். போடவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே தன் பிம்பத்தின்மேல் கை வைத்து நிற்கிற பெண்மணியைப் பார்த்தார். பெரியவன் முகத்தையும் சின்னவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சு.

“இறுகின பிரேக்கைச் சரிபண்ண கொஞ்ச நேரம் ஆகும்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

*

“இரு, இரு” என்றது போன். “உங்கப்பா வர்றாரு.”

பெரியவனின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது.

நடைபாலத்தின் கோடியில் அப்பா. டாக்ஸியில் எப்போதும் கிடக்குமே, மழையில் பயணிகளுக்குப் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை, அது அவர் கையில். அவர் பேசியது போனில் தூரமாகக் கேட்டது.

“எவ்வளவு நேரம் நிப்பே? அந்தப் புது மேம்பாலத்துல சுத்திச் சுத்தி எனக்குத் தலையே சுத்திடுச்சு. கீழ நிறுத்தவும் விடமாட்டேங்குறான். பாத்தாச்சா?”

“எங்க பாக்க? வெயில் அடிக்குது. உள்ள ஒண்ணும் தெரியல.”

அப்பா கண்ணாடியைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். முப்பது வருடமாக முன்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்க்கிறவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குடையை விரித்தார்.

“முடி முழுக்க வெளுத்துப் போச்சு” என்றான் பெரியவன். தனக்குத்தானே சொல்வதுபோல் இருந்தது.

அப்பா குடையின் விளிம்பைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். அம்மாவைச் சுற்றி நிழல் விழுந்தது. அம்மா முகத்துக்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்து, மூக்கு நசுங்கக் கண்ணாடியில் சாய்ந்தாள்.

“தள்ளு” என்றான் பெரியவன், போனைப் பொத்தியபடி. “சேரைத் தள்ளு! தொட்டிக்குப் பின்னாடி!”

“அண்ணா, கால் ஊனக் கூடாதுன்னு...”

“ஸ்கேலு!”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் எழுந்தேவிட்டான். அவள் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பின்னால் விட்டாள். அம்மாவின் கண்கள் நிழலுக்குள் அலைந்தன. இங்கே, அங்கே, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். பிறகு அசையாமல் நின்றன.

பெரியவன் நடந்தான். ஒன்று. இரண்டு. தோளை நிமிர்த்தி, ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கடைவீதியில் வேடிக்கை பார்க்கப் போகிறவன்போல. பின்கழுத்தில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்புவதைச் சின்னவள் மட்டும்தான் பார்த்தாள். மூன்று. நாலாவது அடியில் கண்ணாடிக்கே வந்துவிட்டான். அம்மாவின் கை இருந்த இடத்தில் கையை வைத்தான். அது கையை வைத்ததா, ஊன்றிக்கொண்டதா என்று சொல்ல முடியாது.

“போதும்டா” என்றது போன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “போதும், போதும். நல்லாத்தான் நடக்குறே.” பிறகு பக்கத்தில் திரும்பி, “நீங்களும் பாருங்களேன்! குடையை நான் பிடிக்கிறேன்” என்றாள்.

“நீ பாரு. எனக்குக் கை வலிக்குது, சீக்கிரம் பாரு” என்றார் அப்பா. அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் என்னவோ முக்கியமான காரியம் நடப்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவனின் விமானத்துக்கு அழைப்பு வந்தது. “போறேம்மா. ஏஜென்ட்டு கூப்பிடுறார். நீ முதல்ல கிளம்பு, வெயில்ல நிக்காதே.”

“நீ போ, நான் போறேன்.”

“நீ போம்மா, நீ போனாதான் நான் போவேன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை விட்டு விலகினாள். அவள் லிஃப்ட் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பெரியவன் கண்ணாடியோடு சரிந்தான். சின்னவள் நாற்காலியோடு ஓடிவந்து தாங்கினாள். அவன் உட்கார்ந்து, கண்ணை மூடி, காலைக் கையால் தூக்கித் தட்டில் வைத்தான். உதடு வெளுத்திருந்தது.

“எப்படி நடந்தேன்?”

“நல்லா நடந்தேண்ணா.”

தள்ளிக்கொண்டு திரும்பும்போது ஒரு தடவை பின்னால் பார்த்தாள். குடை இன்னும் கண்ணாடியிலேயே இருந்தது. அதன் நிழலில் சிவப்புச் சால்வை இல்லை. அப்பாவின் சாம்பல் நிறச் சட்டை. முகத்துக்கு ஒரு பக்கம் கையைக் குவித்து, கண்ணாடியோடு ஒட்டி நின்றார்.

எப்போது திரும்பினார்? எதுவரை பார்த்தார்? உள்ளே இருப்பவளுக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பெரியவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

*

சாயங்காலம் வீட்டில் அம்மாவின் பேச்சுதான். “அவன் நடையே நடை. அப்படியே சின்ன வயசுல பையில கையை விட்டுக்கிட்டு நடப்பானே, அதே மாதிரி. நான்தான் வீணா பயந்தேன்.” அப்பாவின் தட்டில் பரிமாறினாள். அவர் போதும் என்று கையைக் குறுக்கே காட்டினார்.

“ஆனா ஒண்ணு” என்றாள் அம்மா, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. “அவன் நடக்கும்போது நீ ஏன்டி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அவன் பின்னாடியே வந்தே? நடை பழகுற குழந்தைக்குப் பின்னாடி போற மாதிரி?”

சின்னவள் கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். தான் கையை நீட்டியதே அவளுக்குத் தெரியாது.

“பழக்கம்மா. நாள் பூரா அதானே வேலை.”

“அதானே” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு கரண்டியைக் கழுவ எழுந்து போனாள். கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அப்பா சாப்பிட்ட கையோடு வாசலுக்குப் போனார். பின்னாலேயே தண்ணீர்ச் சொம்போடு சின்னவள் போனபோது, அவர் கீழ்ப்படியில் நின்று மேல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கேலு” என்றார்.

அவள் சொம்பை இறுக்கிப் பிடித்தாள். அப்பா அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை.

“உங்க ஏர்போர்ட்ல சேர் ஏறுறதுக்குச் சரிவு போட்டிருக்காங்களே. அது ரொம்ப நீளமோ?”

“படி உயரத்தைப் பொறுத்ததுப்பா. உயரம் ஜாஸ்தின்னா நீளமும் ஜாஸ்தி. இல்லேன்னா சேர் பின்னாடி சாயும்.”

“ம்.” செருப்பு நுனியால் படியைத் தட்டினார். யாரையோ ஏறாதே என்று தடுத்த அதே படி. “இது எவ்வளவு இருக்கும்?”

“தெரியலப்பா.”

“ஊர்ல இருக்கிறதெல்லாம் அளந்தே. நம்ம வீட்டுப் படியை அளக்கலையா?”

சத்தியம் பண்ணவில்லை, தலையைத்தான் ஆட்டினாள். ஆனால் அப்பா ஒன்றும் கேட்கவில்லையே, படியைப் பற்றித்தானே கேட்கிறார்.

“ரெண்டு பேரும் வாசல்ல என்ன பண்றீங்க?” உள்ளேயிருந்து அம்மா.

“சும்மா” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகுதான் சின்னவள் டைரியோடு உட்கார்ந்தாள். தவறு என்ற இடத்தில் எழுதியதைத் திருப்பிப் படித்தாள். கண்ணாடி மறைத்தது நல்லதா, குடை வந்தது நல்லதா என்று யோசித்துப் பார்த்தாள். டீச்சர் சொன்னபடி, அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல், கீழ் வரிக்குப் போனாள்.

நாளைய வேலை: காலையில் டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் வாசற்படியை அளக்க வேண்டும். உயரமும் அகலமும்.